நொய்யலின் உப்புக் கணக்கு

டிசம்பர் 12, ஆலாந்துறை

வெள்ளியங்கிரி மலை மேகத்துக்குள் இருந்தது. பெரியாறும் சின்னாறும் சேரும் கூடுதுறைக்குக் கீழே முதல் மாதிரி எடுத்தோம். நீரில் கரைந்த ஆக்சிஜனைப் பார்க்கும் குப்பியைக் குமிழி தங்காமல் நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டு மூடிக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படிவு இறங்கும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நின்றுவிடும். இங்கே நல்ல அடர் பழுப்பு. கூட வந்த மாணவிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இங்கிருந்து சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, நொய்யல் என்ற பெயரே கொண்ட ஊருக்கருகே கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது இந்த ஆறு. மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். அடிவாரத்தைத் தாண்டினால் மழை மறைவுப் பூமி. மலைநீரை வழியெங்கும் மறித்துக் குளங்களில் சேர்த்த அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் இல்லையென்றால் கோவைப் பக்கத்து வெள்ளாமை ஏது? சித்திரைச்சாவடி அணைக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி என்று அடுத்தடுத்த குளங்களுக்கு அங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. அந்த வாய்க்கால் நகரத்தை நெருங்க நெருங்கக் குறுகி, இரு பக்கமும் சுவர் முளைத்துச் சாக்கடையாகிறது.

டிசம்பர் 13, கோவை

நகரத்துக்குக் கீழே எடுத்த குப்பியில் படிவு வெள்ளை. மாணவி சிரிக்கவில்லை.

கோவை குடிப்பது சிறுவாணித் தண்ணீரும் பில்லூர்த் தண்ணீரும். இரண்டும் பவானிப் படுகையைச் சேர்ந்தவை. குடித்து, குளித்து, துவைத்து வெளியேற்றும் நீர் மட்டும் சரிவு பார்த்து நொய்யலுக்கு வருகிறது. ஆகவே கோடையில் இந்த ஆற்றில் ஓடுவதில் பெரும்பங்கு நொய்யலின் தண்ணீரே அல்ல. பவானியின் தண்ணீர், ஒருமுறை பயன்பட்டு முடிந்தது. ஆற்றின் தரத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன். உக்கடம் பெரியகுளத்தின் கரையில் நடைபாதையும் விளக்குகளும் அழகாக இருக்கின்றன. குளத்துக்கு வரும் வாய்க்காலையும் அதே அக்கறையோடு யாராவது பார்த்தால் நல்லது.

ஜனவரி 4, திருப்பூர்

பருத்தித் துணியும் வினைச்சாயமும் நீருக்குள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். சாயத்தை நூலின் பக்கம் நெருக்கித் தள்ளுவதற்காக சாயப்பட்டறைகளில் ஒரு லிட்டர் சாயக்குளியலுக்குப் பத்துக் கணக்கான கிராம் உப்பு போடுகிறார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும். உப்பு ஏறாது. போட்ட உப்பு அப்படியே கழிவுநீரில் வரும். நிறத்தை எடுக்கலாம், கரிமக் கழிவை நுண்ணுயிர் தின்னும். உப்பைத் தின்ன எந்த உயிரும் இல்லை. எதிர் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து, மிஞ்சிய அடர் உப்புநீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்தால்தான் அது ஆற்றுக்குப் போகாமல் நிற்கும். அதற்கு எரிபொருள் வேண்டும், பணம் வேண்டும். கடைசியில் கையில் மிஞ்சும் கலப்பு உப்பை வைக்க இடமும் வேண்டும்.

உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்கலாம் என்பது விதி. அந்த அளவைத் தாண்டாத பத்து லட்சம் லிட்டர் நீரும் 2.1 டன் வரை உப்பைச் சுமந்துகொண்டுதான் போகும். எல்லா நாளும், எல்லாப் பட்டறையும் விதிப்படி நடந்திருந்தாலும் படுகையில் உப்பு சேர்ந்துகொண்டேதான் இருந்திருக்கும். லிட்டருக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். மொத்தம் எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு கடலுக்குப் போனது, எவ்வளவு இங்கேயே தங்கியது என்று கேட்டிருக்க வேண்டும்.

ஜனவரி 5, ஒரத்துப்பாளையம்

பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த அணை. திருப்பூரின் சாயக்கழிவு வந்து தேங்கியதில், எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ அவர்களே இதில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் வழக்குக்குப் போனார்கள். 2006-இல் சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற உத்தரவு வந்தது. அது நடப்புக்கு வராததால் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது; 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். அங்கே வேலை செய்தவர்களின் குடும்பங்கள் பட்ட பாட்டை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனாலும் அந்த உத்தரவு அவசியமானது. பின்னலாடையின் விலையில் சேராத செலவு ஒன்றை இந்தக் கரையோரத் தோட்டங்கள் ஆண்டுக்கணக்கில் தாங்கள் கேட்காமலே கட்டிக்கொண்டிருந்தன.

அணைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கிணற்று நீர் கேட்டோம். எழுபது வயது இருக்கும் ஆத்தா ஒருவர் கயிற்றையும் வாளியையும் எடுத்துக் கொடுத்தார்.

"மீட்டரு என்னத்தக் கண்ணு சொல்லப் போகுது? இந்தத் தண்ணியில பருப்பு வேகாது. மாட்டுக்கு வெச்சா மொகறயத் திருப்பிக்கும்."

"எப்போதிருந்துங்க ஆத்தா?"

"அணையில சாயத்தண்ணி நின்னுச்சே, அப்ப இருந்து. இப்பத்தான் ஆத்துல கலர் வர்றதில்லீன்னு சொல்றாங்க. கெணத்துல மாறலையே."

மீட்டரை இறக்கினேன். அவர் சொன்னதைத்தான் அதுவும் சொன்னது. ஆற்றில் எடுத்த நீரைவிடக் கிணற்று நீர் பல மடங்கு மின்னைக் கடத்தியது, உப்பு அவ்வளவு. அடியில் கெட்டிப் பாறை. வெடிப்புகளிலும் மேலே சிதைந்த பாறையடுக்கிலும்தான் நீர் நிற்கும். தேங்கிய கழிவு அந்த வழியாக இறங்கிவிட்டது. அதைக் கழுவிக் கொண்டுபோகும் அளவுக்கு இங்கே மழை இல்லை. அந்த நீரையே இறைத்து வயலுக்குப் பாய்ச்சினால், வெயிலில் நீர் ஆவியாகி உப்பு மண்ணில் நிற்கும், அடுத்த மழைக்கு மறுபடி கீழே இறங்கும். சோடியம் மிகுந்தால் களிமண் துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கும். பாய்ச்சிய தண்ணீர் உள்ளே போகாமல் மேலேயே நிற்கும். ஆத்தாவின் தென்னைகளில் மட்டை சுருங்கி, குரும்பை பிடிக்காமல் இருந்தது.

ஆத்தா மோர் கொடுத்தார். குடத்து நல்ல தண்ணியில் கலந்தது. அந்தத் தண்ணீர் வேறோர் ஆற்றிலிருந்து குழாயில் வருகிறது.

ஜனவரி 9, ஆய்வகம்

உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கான குப்பிகள் 27 டிகிரியில் மூன்று நாள் இருந்து வெளியே வந்துவிட்டன. நகரத்துக்குக் கீழே மோசம், எதிர்பார்த்ததுதான். அதை நீளமாக எழுதப் போவதில்லை. சாக்கடையைச் சுத்திகரித்தால் ஆறு சில ஆண்டுகளில் மூச்சுவிடும். உப்பு அப்படிப்பட்டதல்ல.

குளோரைடு டைட்ரேஷனில் கிணற்று மாதிரிகள் வெள்ளி நைட்ரேட்டை இழுத்துக்கொண்டே போயின. நீர்க்கச் செய்துதான் அளக்க முடிந்தது.

ஜனவரி 16

அறிக்கையின் வரைவு. பாலத்துக்குப் பாலம் ஆற்று நீரின் தரம் என்று அட்டவணை போடுவது வழக்கம். அந்த அட்டவணைப்படி பார்த்தால் 2011-க்குப் பிறகு நொய்யலின் கீழ்ப்பகுதியில் முன்னேற்றம் தெரியும். அது பொய்யில்லை. ஆனால் அதைப் படிக்கும் அதிகாரி கோப்பை மூடிவிடுவார் என்பதுதான் என் கவலை. ஆகவே ஆற்று அட்டவணையைப் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டு, கிணறுகளை முதல் அத்தியாயமாக வைத்திருக்கிறேன். வழிகாட்டிப் பேராசிரியருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. நாளை பேச வேண்டும்.

மே மாதம், மழை தொடங்குமுன், அதே கிணறுகளில் மறுபடி நீர் எடுக்க வேண்டும். பிறகு வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒருமுறை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் மழை எவ்வளவு உப்பை நகர்த்துகிறது என்று காட்டும். மண் மாதிரியும் கூடவே, ஓர் அடி ஆழம், மூன்று அடி ஆழம். ஆத்தாவிடம் போனில் சொன்னேன். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் என்ன வந்தது என்று ஊருக்குள் வந்து தமிழில் படித்துச் சொல்ல வேண்டும், காகிதத்தைக் கொண்டுபோனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை என்றார். தேதி குறித்துக்கொண்டேன்.