கூம்படியில் நாலு மணி

ஜூன் மாதத்து சனிக்கிழமை. லண்டன் கென்சிங்டனில், ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டி கட்டடத்துக்குள் பழைய வரைபடச் சந்தை. வெளிச்சுவரில் ஒரு பக்கம் ஷேக்கில்டன், இன்னொரு பக்கம் லிவிங்ஸ்டன், இருவரும் சிலையாக நிமிர்ந்து நிற்கிறார்கள். உள்ளே ஒருவரும் நிமிரவில்லை. வரைபடம் பார்க்கிறவர்களுக்கென்று ஒரு கூன் இருக்கிறது. இடுப்பில் ஆரம்பித்து மூக்கு நுனியில் முடியும்.

எனக்கு வாங்குகிற வசதி கிடையாது. வேடிக்கை பார்க்கக் காசு கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே ஒரு சின்ன மேஜை. பக்கத்து மேஜைகளில் டச்சுக்காரர்கள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த கடல்களும் திமிங்கிலங்களும், அங்கே கூட்டம். இந்த மேஜையில் இருப்பது உலகக் கண்காட்சிகளில் விற்ற ஞாபகார்த்தச் சரக்கு: மடித்த காகிதங்கள், வண்ணப்படத் தாள்கள், நைந்த கைக்குட்டை ஒன்று. மேஜைக்குப் பின்னால் எழுபதைத் தாண்டிய ஒருவர். மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். ஆள் வராத நேரத்தில் காகிதங்களின் ஓரத்தை ஒன்றோடொன்று சரிபார்த்துக்கொண்டிருந்தார், சீட்டுக்கட்டு அடுக்குகிற மாதிரி.

முதலில் ஒரு பெண் வந்தாள். கல்லூரி வயது. கைக்குட்டையைத் தொடலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். அவர் அதை விட்டுவிட்டு மேஜையடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்தார். ஒரு தோல் கையுறையின் படம். 1851இல் ஜார்ஜ் ஷோவ் என்பவர் பதிவு செய்த வடிவமைப்பு. உள்ளங்கைப் பக்கம் முழுக்க லண்டன்: ஹைட் பார்க், ரீஜன்ட்ஸ் பார்க், செயின்ட் பால் தேவாலயம், இடையில் தெருக்கள். அசல் கியூவில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. தன் கையைப் படத்தின் மேல் வைத்து, விரல்களைச் சரியாகப் பொருத்திப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு கையைத் திருப்பி, வெறும் உள்ளங்கையைப் பார்த்தாள்.

1851 மே 1 முதல் அக்டோபர் 15 வரை, இங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஹைட் பார்க்கில் பாக்ஸ்டன் எழுப்பிய கண்ணாடி மாளிகையில் உலகக் கண்காட்சி நடந்தது. சுமார் அறுபது லட்சம் பேர் உள்ளே நுழைந்தார்கள். ரயில் வந்திருந்தது, ஒரு ஷில்லிங் டிக்கெட் வந்திருந்தது. லண்டனை அதுவரை கண்ணால் பார்க்காத ஜனம் வெள்ளமாக வந்தது. நடுத்தெருவில் காகிதத்தை விரித்துக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்தால் ஊருக்குப் புதிது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்தக் காலத்துச் சீமாட்டிக்கு அது கௌரவக் குறைச்சல். கையுறை என்றால் சிக்கலில்லை. கையைக் கொஞ்சம் தூக்கி, விரல் மடித்து, ஏதோ யோசிக்கிற பாவனையில் பார்த்துக்கொள்ளலாம். பஞ்சாங்கக்காரரிடம் நீட்டுகிற கையை அவளே வாசித்துக்கொள்கிறாள். ஜூலை மாத வியர்வையில் அந்த மை எத்தனை தெரு தாங்கியிருக்கும் என்பதுதான் என் சந்தேகம்.

அந்த வருஷம் லண்டனுக்கு வரைபடப் பைத்தியமே பிடித்திருந்தது. வரைபட வியாபாரி ஜேம்ஸ் வைல்ட் லெஸ்டர் சதுக்கத்தில் அறுபது அடி விட்டத்தில் ஒரு பூமி உருண்டையையே கட்டிவிட்டார். உள்ளே போய்ப் படியேறிப் பார்க்க வேண்டும். மலையும் கடலும் உட்புறச் சுவரில். பூமியைச் சட்டை மாதிரி உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தார். 1862 வரை அது நின்றது.

பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ஒன்றும் வாங்கவில்லை. கிழவர் புத்தகத்தைத் திரும்ப மேஜையடியில் வைத்தார். அவருக்கு ஏமாற்றம் மாதிரி தெரியவில்லை.

அடுத்து ஒரு தம்பதி. 1924 வெம்ப்ளி பிரிட்டிஷ் சாம்ராஜ்யக் கண்காட்சியின் வண்ண வரைபடத்தை மனைவி தூக்கிப் பிடிக்க, கணவர் எட்ட நின்று பார்த்தார். வரவேற்பறைச் சுவருக்கு நிறம் ஒத்துவருமா என்கிற பார்வை. எனக்கோ உள்ளுக்குள் சிரிப்பு. அங்கே இந்தியாவுக்கு ஓர் அரங்கு, இலங்கைக்கு ஓர் அரங்கு, மலாயாவுக்கு ஓர் அரங்கு. சாம்ராஜ்யம் முழுவதையும் ஒரு மைதானத்தில் அடைத்து, அதன் தெருக்களுக்குக் கிப்ளிங்கைக் கூப்பிட்டுப் பெயர் வைத்தார்கள். இன்று அதே வெம்ப்ளிக்கு நான் மாதம் ஒருமுறை போவது இடியாப்ப மாவுக்கும் முருங்கைக்காய்க்கும். தம்பதிக்கு நிறம் ஒத்துவரவில்லை.

மூன்றாவது ஆள்தான் விஷயம் தெரிந்தவர். லினன் கோட்டு, சொந்த உருப்பெருக்கிக் கண்ணாடி. நேராக 1939 நியூயார்க் கண்காட்சியின் வழிகாட்டி வரைபடத்தைக் கேட்டார். மடிப்பு ஒவ்வொன்றாகப் பிரியும்போது மேஜையில் இடம் போதாமல், கிழவர் தன் தேநீர்க் கோப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஃப்ளஷிங் மெடோஸ். நகரத்துச் சாம்பலையெல்லாம் கொட்டி வைத்திருந்த மேட்டை நிரவி, அதன்மேல் 'நாளைய உலகம்' என்று ஒரு நகரத்தை எழுப்பினார்கள். நடுவில் 610 அடி உயரத்தில் மும்முகக் கூம்பு ஒன்று, பக்கத்தில் வெள்ளை உருண்டை ஒன்று. டிரைலான், பெரிஸ்பியர் என்று பெயர். லினன் கோட்டு உருப்பெருக்கியை அந்தக் கூம்பின் அடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். முகம் மாறியது.

"பென்சில்."

"ஆமாம். நான் விலைச்சீட்டிலேயே எழுதியிருக்கிறேன்."

"அழித்தால் போய்விடுமா?"

"போகும் என்றுதான் நினைக்கிறேன்."

"காகிதத்தில் தடம் விழும்." கண்ணாடியை உறையில் போட்டுக்கொண்டார். "சுத்தமான பிரதி வந்தால் சொல்லுங்கள்." போய்விட்டார்.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் நின்றேன். கூம்பின் அடியில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. பக்கத்தில் சாய்ந்த கையெழுத்தில் 4 என்ற எண். அதன் கீழே ஒரு கோடு, அழுத்திப் போட்டது. அவ்வளவுதான். கூட்டத்தில் பிரிந்துபோனால் நாலு மணிக்கு இங்கே வா, என்று யாரோ யாருக்கோ சொல்லியிருக்கிறார்கள். கோட்டின் அழுத்தத்தைப் பார்த்தால் முன்பு ஒருதரம் நேரம் தவறிய ஆளுக்குச் சொன்னது போலிருந்தது.

அந்தக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் ஓர் அரங்கு இருந்தது. ஹிட்லரின் படை பிராகுக்குள் நுழைந்தது மார்ச் 15; கண்காட்சி திறந்தது ஏப்ரல் 30. அரங்கு இருந்தது, நாடு இல்லை. அடுத்த வருஷம் சோவியத் அரங்கையும் காணோம். எல்லாம் முடிந்தபின் கூம்பையும் உருண்டையையும் இடித்து, இரும்பை யுத்தத் தளவாடத்துக்கு அனுப்பினார்கள். பென்சில் குறி போட்ட இடத்தில் இப்போது போய் நின்றால் ஒதுங்க நிழல்கூட அந்தக் கூம்பினுடையது இல்லை.

இந்த வியாபாரத்தில் சுத்தமான பிரதிக்குத்தான் விலை. சுத்தமான பிரதி என்றால் யாரும் பிரித்துப் பார்க்காதது, வழி கேட்காதது, மழையில் தலைக்குப் பிடிக்காதது. வாங்கி வந்து அப்படியே பெட்டியில் போட்டது. அவர்கள் கணக்கு அவர்களுக்கு. எனக்கென்னவோ அது கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் வந்த மாதிரி இருக்கிறது.

நான் ஏதாவது கேட்பேன் என்று கிழவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கேட்கவில்லை. விலைச்சீட்டைப் பார்த்தேன்; எனக்கு ஒரு மாத வீட்டு வாடகையில் பாதி. தலையை ஆட்டிவிட்டு நாற்காலிக்கே திரும்பினேன்.

ஐந்து மணிக்கு மேஜைகளைக் கட்ட ஆரம்பித்தார்கள். பக்கத்து டச்சுக்காரர்கள் பெட்டிக்குள் போனார்கள். கிழவர் நியூயார்க்கை மட்டும் இன்னும் மடிக்கவில்லை. கோட்டுப் பையைத் துழாவி ஒரு வெள்ளை ரப்பரை எடுத்தார். இடது உள்ளங்கையைக் காகிதத்தின்மேல் பரப்பி அமுக்கிக்கொண்டு, குனிந்தார். ரப்பர் அந்த 4க்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. மூச்சை ஒருதரம் இழுத்துவிட்டார்.

பிறகு ரப்பரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, விலைச்சீட்டை எடுத்து, அதில் எழுதியிருந்த தொகையை அடித்துவிட்டு, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பென்சிலால் எழுதினார். அதே பென்சிலாலேயே 'பென்சில் குறி' என்ற குறிப்பின் கீழும் ஒரு கோடு போட்டார். பழைய மடிப்புகளின் வழியே காகிதம் அவர் சொன்னபடி கேட்டது. நான்கு தடவையில் கைக்கடக்கமாகிவிட்டது.