லோட் தருபவரின் லொறி

மாசி, பங்குனி மாதங்களில் லொறி ஓடும் பெடியன்கள் வரிக்கணக்குப் பார்க்க ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கையில் ஒரு சப்பாத்துப் பெட்டி இருக்கும். டீசல் துண்டுகள், ரயர் கடைப் பில்கள், பாலத்தில் கட்டிய காசின் ரசீதுகள் எல்லாம் அதற்குள் கசங்கிக் கிடக்கும். கொம்பனி கிழமைக்குக் கிழமை கொடுக்கும் செட்டில்மென்ட் தாள்கள் அடியில் இருக்கும். நான் முதலில் எடுப்பது அவற்றைத்தான்.

ஒருவனுடைய தாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மேலே, அந்தக் கிழமை ஓடிய மைல்களுக்கான கூலி. நல்ல தொகை. அதன் கீழே கழிவுகள்: லொறியின் லீஸ் தவணை, காப்புறுதி, நம்பர் பிளேட்டுக்குப் பிடித்தது, ரெயிலர் வாடகை, ஓடும் நேரத்தைப் பதியும் கருவிக்குக் கட்டணம், திருத்த வேலைக்கென்று மைலுக்கு இத்தனை சதம், எஸ்க்ரோ என்ற பெயரில் வைப்புப் பணம், பிறகு டீசல். கடைசி வரியில் ஒரு கழித்தல் குறி. சிக்காகோவுக்கும் மொன்றியலுக்குமாகக் கிழமை முழுக்க ஓடியவன், கொம்பனிக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது.

"இது பிழையா அடிச்சிருக்கினம் போல, அக்கா" என்றான்.

கூட்டிப் பார்த்தேன். கணக்கில் பிழை இல்லை.

"நாலு வருசம் கட்டினா லொறி என்ர பேருக்கு வரும் எண்டு சொல்லித்தான் தந்தவை." முற்பணம் கேட்கவில்லை, கடன் வரலாறு பார்க்கவில்லை. பெரிய லொறி ஓட்டும் ஏஇசட் லைசன்ஸ் எடுத்து அதிக நாளாகாத ஒருவனுக்கு எந்த வங்கி அப்படிக் கொடுக்கும்? லொறியைத் தந்தவரும் லோட் தந்தவரும் ஒரே ஆள். ரேட் குறைவு என்று அவன் ஒரு லோட்டை மறுத்தால், அடுத்த இரண்டு நாள் டிஸ்பாட்சர் தொலைபேசியை எடுக்கமாட்டார். தவணை மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் கழியும்.

ஊரில் லொறி வாங்கிய விதம் வேறு. கொடிகாமத்தில் என் மாமாவிடம் ஒரு பெட்போர்ட் லொறி இருந்தது. சுன்னாகத்தில் வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்கு ஓடுவார். அதை அவர் வாங்கப்போன அன்று நானும் கூடப் போனேன். விற்பவர் புதிதாக அடித்த பெயின்ரையும் இருக்கை உறையையும் காட்டிக்கொண்டே இருந்தார். மாமா எதையும் பார்க்கவில்லை. எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து, அதைக் கவிழ்த்து அந்த வாயின் மேலேயே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூடி இலேசாக நடுங்கியது, ஆனால் விழவில்லை. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் எரிந்த வாயு கீழே கசிந்து அந்த வாயால் புகைத்து மேலே வரும். மூடி துள்ளி விழும். பிறகு உள்ளங்கையை மேலே பிடித்து, அதில் படிந்த எண்ணெய்ப் பூச்சை மோந்து பார்த்தார். விலை அதற்குப் பிறகுதான் பேசினார்.

மிசிசாகாவில் ஒரு பழைய லொறி முற்றத்தில் அச்சுவேலி மெக்கானிக் அண்ணை ஒருவர் ஒரு ஃபிரெய்ட்லைனர் லொறியின் மேல் ஏறி அதே மூடியைக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்தபோது, எனக்கு மாமாவின் கை ஞாபகம் வந்தது. அண்ணை அதோடு விடவில்லை. ஒரு சின்னப் போத்தலில் எஞ்சின் எண்ணெயை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். எண்ணெயில் கூலன்ட் கலந்திருக்கிறதா, எந்த உலோகம் தேய்கிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். எஞ்சினின் கொம்பியூட்டரிலிருந்து ஓடிய மணிக்கணக்கை எடுத்தார். கிலோமீற்றர் குறைவாகக் காட்டும் லொறி, குளிர் இரவுகளில் சாரதி உள்ளே படுத்திருக்க, நின்ற இடத்திலேயே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியிருக்கலாம். கடைசியாக டோர்ச் அடித்துச் சட்டத்தின் கீழே படுத்தார். ஒன்ராறியோ வீதிகளில் பனிக்குக் கொட்டும் உப்பு, இரட்டைச் சட்டத்தின் இரண்டு தகடுகளுக்கும் நடுவே புகுந்து, துருவை வீங்கவைத்து இரும்பையே பிரித்துவிடும். மேலே அடித்த கறுப்புப் பெயின்ரில் அது தெரியாது.

2007க்குப் பிறகு வந்த லொறிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. 2010க்குப் பிறகு பெரும்பாலானவற்றில் யூரியாக் கரைசல் தெளிக்கும் ஏற்பாடும் சேர்ந்தது. பழைய லொறி வாங்கியவர்களின் காசைத் தின்றவற்றில் இந்தப் பகுதிக்குத்தான் முதலிடம் என்பது சப்பாத்துப் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தெரிந்தது. விற்கும் காலையில் எச்சரிக்கை விளக்கை அழித்துவிடலாம். சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் அது திரும்ப எரியும்.

மலிவாகக் கிடைக்கும் பழைய லொறி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. யூரியா இல்லாமலே அமெரிக்காவின் 2010 புகை விதிக்குள் நிற்கலாம் என்று, லொறி செய்யும் நாவிஸ்டார் கொம்பனி மக்ஸ்ஃபோர்ஸ் எஞ்சினைக் கொண்டுவந்தது. புகையையே எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பும் முறை. அது சரிவராமல் 2012இல் அந்த வழியைக் கைவிட்டது. அந்த எஞ்சின் பூட்டிய 2011 முதல் 2014 வரையான லொறிகளின் உரிமையாளர்கள் போட்ட வழக்கு 2019இல் 13.5 கோடி டொலர் சமரசத்துக்கு வந்தது. ஆனால் அந்த லொறிகள் பழைய வாகனச் சந்தையில் மலிவு விலைக்குக் கிடந்தபோது, அவற்றைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் முதன்முதலாக லொறி வாங்க வந்தவர்களே. பெரிய கொம்பனிகளுக்கு விசயம் முன்பே தெரிந்திருந்தது.

எஞ்சின் மோசமானால் மாற்றலாம். பத்திரம் மோசமானால்?

லொஸ் ஏஞ்சலஸ், லோங் பீச் துறைமுகங்கள் 2008 ஐப்பசியில் காற்றைச் சுத்தமாக்கப் பழைய லொறிகளைத் தடைசெய்யத் தொடங்கின. நோக்கம் நல்லது. கொள்கலன் இழுத்த சாரதிகளிடம் புது லொறி வாங்கக் காசில்லை. கொம்பனிகள் வாங்கி அவர்களுக்கே லீசுக்குக் கொடுத்தன. சாரதிகள் மணிக்கணக்குப் பாராமல் ஓடியும் கழிவுபோகக் கையில் ஒன்றும் மிஞ்சாமல் நின்றதை 2017இல் யூஎஸ்ஏ டுடே எழுதியது. வேலையை விட்டால் அதுவரை கட்டிய காசோடு லொறியும் போய்விடும். அதனால் அவர்களால் விடவும் முடியவில்லை. என் மேசையில் இருந்த தாளும் அந்த வகைதான்.

டொமினிக் ஒலிவேரா என்ற சாரதி நியூ பிரைம் கொம்பனிமேல் போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட சாரதியை ஒப்பந்தக்காரர் என்று எழுதிவைத்திருந்தாலும், வழக்காட விடாமல் தனியார் நடுவரிடம் போகும்படி கூட்டாட்சிச் சட்டத்தைக் காட்டிக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2019 தையில் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்த்தார்கள். கழித்தல் குறித் தாளோடு வந்தவனுக்கு அதை வாசித்துக் காட்டினேன். "அப்ப எங்களுக்கும் வாய் இருக்கு" என்றான்.

எல்லா லீசும் மோசம் என்று நான் சொல்லவில்லை. அதே வருடம் வந்த இன்னொருவர் பத்து வயது லொறியை வங்கிக் கடனில் எடுத்து, வேறொரு கொம்பனிக்கு ஓடினார். அவருக்கும் எஞ்சின் செலவு வந்தது, அழுதார். ஆனால் அந்தக் கொம்பனி ரேட்டைக் குறைத்தபோது லொறியோடு அடுத்த கொம்பனிக்குப் போனார். தவணை வங்கிக்கு, லோட் வேறிடத்தில். இரண்டையும் ஒருவர் கையில் கொடுக்காததால்தான் அவர் தப்பினார்.

தாளில் கழித்தல் குறி பார்த்தவன் அந்த மாரியில் லொறியை முற்றத்தில் நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தான். வைப்புப் பணம், ஏதோ திருத்த வேலைக்கென்று, திரும்பவே இல்லை. எல்லை தாண்டிய அமெரிக்கப் பக்கம் அந்தப் பணத்தை ஒப்பந்தம் முடிந்து 45 நாட்களுக்குள் கணக்கோடு திருப்ப வேண்டும் என்று விதி எழுதியே இருக்கிறது. இப்போது அவன் இன்னொரு கொம்பனியில் சம்பளத்துக்கு ஓடுகிறான், பெட்டி மெலிந்துவிட்டது.

லொறி லீசுகளை ஆராய அமெரிக்காவில் அமைத்த குழு 2025 தையில் அறிக்கை கொடுத்தது: கொம்பனி சாரதிக்கு லொறியை லீசுக்குக் கொடுத்து விற்கும் இந்த முறையையே தடைசெய்ய வேண்டும் என்று. அது பரிந்துரை மட்டுமே, சட்டம் அல்ல. ஆகவே கையெழுத்துப் போட நினைத்திருக்கும் தம்பிமாரே, பத்திரத்தை ஒரு கிழமை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேளுங்கள். கொம்பனி காட்டாத ஒரு சட்டத்தரணிக்குக் காசு கொடுத்து வாசிப்பியுங்கள். வேறு கொம்பனியின் லோட்டை இழுக்க அந்த லொறியை விடுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தர மறுத்தால், அந்த முற்றத்துக்கு மறுபடி போகாதீர்கள்.