பேசாத வீரனுக்குக் குரல் வேண்டுமா?

சென்ற கோடை விடுமுறையில் நம் இல்லத்தில் ஒரு வழக்கு எழுந்தது. வாதி, கோயமுத்தூரில் பொறியியல் பயிலும் நம் மைத்துனர் மகன். பிரதிவாதி, இங்கே பாலக்காட்டில் ஆறாம் வகுப்பில் பயிலும் நம் மகன். வீடியோ விளையாட்டுகளில் வரும் கதாநாயகர்களுட் சிலர் தொடக்கம் முதல் முடிவு வரை வாய் திறவாமலே இருக்கின்றனர். அவர்களுக்கும், அவர்களைச் சூழ்ந்துள்ள ஏனைய பாத்திரங்களுக்கும் நடிகர்களைக் கொண்டு குரல் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? இதுவே வழக்கு. தீர்ப்புக் கூறும் பொறுப்பு, புகைவண்டி நிலையத்துக் கணக்கேடுகளையன்றி வேறொன்றும் அறியாத நம்மிடம் வந்து சேர்ந்தது.

பிள்ளைகளின் வாய்ச்சண்டை என்று முதலில் இதனைத் தள்ளிவிட்டோம். ஆனால் அடுத்த சில நாட்களில் நம் வீட்டுக் கூடத்தில் நிகழ்ந்தவை, இது நம்மைப் போன்ற குடும்பங்களை நேரே தொடும் கேள்வி என்பதைக் காட்டின. ஆகவே அதனை இம்மாத இதழில் அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

வீரர்கள் ஊமையானது எவ்வாறு என்பதை முதலில் அறிதல் நலம். ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ 1986-இல் ‘தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. பின்னர் அமெரிக்காவில் அது விற்கப்பட்ட கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு பேழையின் கொள்ளளவு 128 கிலோபைட். தொலைபேசியில் கேட்கும் அளவுக்கு மனிதக் குரலைச் சுருக்காமல் பதிவு செய்தாற்கூட நொடி ஒன்றுக்கு 8 கிலோபைட் தேவைப்படும். பேழை முழுவதையும் குரலுக்கே ஒதுக்கினாலும் 16 நொடிப் பேச்சுக்கு மேல் அதில் அடங்காது. காட்டையும் மலையையும் அரக்கரையும் பின்னர் எங்கே வைப்பது? ஆகவே அதன் நாயகனாகிய லிங்க் என்னும் சிறுவன் பேசவில்லை. பிறர் பேசியதும் எழுத்தில்தான்.

இடமின்மையால் வந்த மௌனம், இடம் பெருகிய பின்னும் நீங்கவில்லை என்பதே வியப்பு. 1998-இல் வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டில் விஞ்ஞானிகளும் காவலர்களும் பேசுகின்றனர். நாயகனாகிய கார்டன் ஃப்ரீமேன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. 2017-இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ விளையாட்டில், ஜெல்டா வரிசையின் முதன்மைக் கதைகளில் முதன்முறையாக இளவரசி முதலானோருக்கு நடிகர்கள் குரல் தந்தனர். லிங்க் மட்டும் அப்போதும் பேசவில்லை.

“அவன் பேசக்கூடாது. அங்கே ஓடுவது நான்தானே? அவன் பேசிவிட்டால் அவன் வேறு ஆள், நான் வேறு ஆள்” என்பது நம் மகனின் வாதம். “ஊர் முழுவதும் வந்து துயரத்தைச் சொல்லி அழுகிறது, இவன் மைல்கல்லைப் போல நிற்கிறான். இதை எப்படி நம்புவது?” என்பது மைத்துனர் மகனின் வாதம். இரண்டிலும் நியாயம் இருப்பதாகவே நமக்குப் பட்டது.

அப்போது நமக்கு நினைவு வந்தது, நம் மாவட்டத்துப் பாவைக்கூத்து. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் பத்திரகாளி கோயில்கள் பலவற்றில் கூத்துமாடம் என்று தனிக் கட்டடமே உண்டு. அங்கே வெண்திரை கட்டி, அதன் பின்னே வரிசையாக விளக்கேற்றி, தோலால் செய்த பாவைகளின் நிழலை விழச் செய்து இராமகதையை இரவு தோறும் நடத்துவர். தாரிகாசுரனோடு போரிடச் சென்றமையால் இராம இராவணப் போரைக் காணும் பேறு காளிக்குக் கிடைக்கவில்லை என்றும், அக்குறை தீரவே ஆண்டுதோறும் அவள் முன்னிலையில் இக்கூத்து நிகழ்கிறது என்றும் கூறுவர். மலையாள நாட்டில் நடக்கும் இக்கூத்தில் ஒலிப்பது கம்பரின் தமிழ்ப் பாட்டு! பாட்டைச் சொல்லி, தமிழும் மலையாளமும் கலந்த நடையில் பொருள் விரிப்போரைப் புலவர் என்றே ஊரார் அழைக்கின்றனர். சொர்ணூரை அடுத்த கூனத்தறையைச் சேர்ந்த திரு. கே. கே. இராமச்சந்திர புலவருக்கு 2021-ஆம் ஆண்டுக்குரிய பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதை அன்பர்கள் அறிவர்.

அந்தத் தோற்பாவைக்கு வாய் அசைவதில்லை. கைதான் அசையும். ஆயினும் இராமன் பேசவில்லை என்று அங்கே யாரும் குறைகூறக் கேட்டதில்லை. திரைக்குப் பின்னால் இருந்து புலவர் பேசுகிறார். முன்னால் இருப்போர் அதனை இராமன் பேச்சாகவே கொள்கின்றனர். ஒரே புலவர் இராமனுக்கும் பேசுவார், இராவணனுக்கும் பேசுவார். உருவம் ஒருவரிடமும் குரல் வேறொருவரிடமும் இருக்கலாம் என்பதைக் கணிப்பொறி தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே நம் வட்டாரத்தார் அறிந்திருந்தனர்.

கதகளியும் அவ்வாறே. வேடமிட்டவர் கண்ணாலும் கையாலும் பேசுவார். பாட்டும் சொல்லும் பின்னே நிற்கும் பாகவதர்களுடையவை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பச்சை வேடத்து நற்குண நாயகர்கள் அரங்கில் ஒலி எழுப்புவதில்லை. இராவணன் போன்ற கத்தி வேடத்தார் முதலானோர்க்கே அலறும் உரிமை. நாயகனின் மௌனத்தைக் குறையென்று கொள்ளாமல் அவனுடைய பெருமையாகவே அக்கலை வைத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் எடுத்துக் கூறி, மகன் பக்கமே தீர்ப்பளிக்க எண்ணியிருந்தோம். அப்போதுதான் மைத்துனர் மகன் தன் மடிக்கணினியில் வேறொரு விளையாட்டைத் திறந்து வைத்தான். அதன் பெயர் ‘வெண்பா’. கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980-களில் கனடாவில் குடியேறி வாழும் வெண்பா என்னும் தமிழ்ப் பெண், அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. அதில் வாளும் இல்லை, அரக்கரும் இல்லை. தாய் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்து கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்டலியும் புட்டும் பிரியாணியும் சமைக்க வேண்டும். இடையிடையே அக்குடும்பத்தார் உரையாடுவர். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, முதற்படைப்புக்கான விளையாட்டு விருதை இதற்கு வழங்கியது.

அதில் வானொலிப் பாட்டுத் தமிழில் ஒலிக்கிறது. உரையாடலுக்கோ குரல் இல்லை, எல்லாம் எழுத்தே. நம் மகன் ஆங்கில எழுத்தையே தேர்ந்தான். காரணத்தை மறைத்துப் பயனில்லை. அவனுக்குத் தமிழ் கேட்டால் புரியும், ஓரளவு பேசவும் வரும், படிக்கத் தெரியாது. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும். வீட்டில் எழுத்துக் கற்பிக்கும் கடமை நம்முடையது. இரவுப் பணி, பகல் உறக்கம் என்று சொல்லிச் சொல்லி அதனை ஒத்திவைத்தவர்களும் நாமே.

அச்சமயம் தேவிகுளம் வட்டத்திலிருந்து நம் மாமியார் வந்திருந்தார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழுந்து கிள்ளியே பிள்ளைகளை வளர்த்தவர். எந்த எழுத்தும் அறியார். “அதுல என்ன ராசா சொல்றாங்க?” என்று பேரனை வினவினார். அவன் ஆங்கிலத்தைப் படித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லலானான். கணவன் வேலைக்குப் புறப்படுகையில் வெண்பா கூறுவதை அவன் பாடப்புத்தகம் போல் ஒப்பித்தான். மாமியாருக்கு அது பொறுக்கவில்லை. “கட்டுனவ அப்படியா பேசுவா? இப்படிச் சொல்லு” என்று அவரே சொல்லிக் காட்டினார். பேரன் சிரித்தான்; பிறகு அவ்வாறே சொன்னான். இட்டலிப் பானையில் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது என்று பிள்ளைகள் இருவரும் திகைத்தபோது, “குழிக்கு நேரே குழி வரக்கூடாது, ஆவி ஏறாது” என்று வழி சொன்னவரும் அவரே. நாள்தோறும் மாலையில் அம்மாச்சி வெண்பாவாகவும், பேரன் கவினாகவும், மைத்துனர் மகன் பாவலனாகவும் மாறிப் பேசினர். நம் கூடம் ஒரு கூத்துமாடம் ஆயிற்று.

அவ்விளையாட்டில் தேர்ந்த நடிகர்கள் ஆங்கிலத்தில் பேசியிருந்தால் நம் மாமியாருக்கு அங்கே இடம் இருந்திராது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டே போயிருப்பர். அவர் திண்ணையில் தனியே அமர்ந்திருப்பார். குரல் இல்லாமையே அவரை உள்ளே அழைத்தது.

எனினும் இதைக் கொண்டு குரலே வேண்டாம் என்று முடிவு கட்டுவதும் பிழை. பேரன் அருகில் இல்லையேல், எழுத்தறியாத அம்மூதாட்டிக்கு அது வெறும் படமே. கண்பார்வை இழந்தோர் நிலையும் அதுவே. நம் நிலையங்களில் வண்டி வரவைப் பலகையில் எழுதி வைப்பதோடு ஒலிபெருக்கியிலும் அறிவிப்பது எதற்காக? எழுத்தால் மட்டும் அனைவரையும் எட்ட முடியாது என்பதனால் அன்றோ? ஊமைப்பட நாட்களிலும் எழுத்தறியாதார் பொருட்டுத் திரையருகே நின்று ஒருவர் கதை சொல்லும் வழக்கம் இருந்தது. ஜப்பானில் அவ்வாறு சொன்ன பென்ஷிகள் நடிகர்களுக்கு இணையான புகழ் பெற்றனர்.

குரல் தருவோரின் பிழைப்பையும் எண்ண வேண்டும். அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுகளுக்குக் குரல் தரும் நடிகர்கள், தங்கள் குரலைச் செயற்கை அறிவு நகலெடுப்பதற்குக் காப்புக் கோரி 2024 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கினர். 2025 ஜூன் வரை அது நீடித்தது. மனிதக் குரலுக்கு மதிப்பு இல்லையெனில் அதனை நகலெடுக்க யாரும் முனைந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நம் தீர்ப்பு இது. நாயகன் பேசாதிருக்கலாம், அந்த வெற்றிடம் ஆடுகின்ற பிள்ளைக்கு உரியது. அவனைச் சூழ்ந்த உலகத்துக்குக் குரல் வேண்டும். ஆனால் வேண்டியோர் திறக்கவும் வேண்டாதோர் மூடவும் வழி இருத்தல் வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி நடிகரை அமர்த்துவது செலவு மிக்கது. சிறு நிறுவனங்களால் இயலாது. அவை எழுத்தோடு நின்றால் குறைகூறுவதற்கில்லை. அத்தகைய இடங்களில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் வீட்டில் உள்ள நாமே.

இரு தரப்பாரும் தீர்ப்பை ஒருவாறு ஏற்றனர். ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை. மாமியார் மலைக்குத் திரும்பிய மறுநாள், எஞ்சியிருந்த கடைசிப் பகுதியை நம் மகன் தனியே ஆடினான். பணி முடிந்து வந்து, “கதை முடிந்ததா?” என்று கேட்டோம். “முடிந்தது அப்பா. வெண்பா என்ன சொன்னாள் என்று தெரியும். எப்படிச் சொல்லியிருப்பாள் என்றுதான் தெரியவில்லை. அம்மாச்சி இல்லையே” என்றான்.

அச்சொல் நம்மைச் சுட்டது. அவனுக்குத் தமிழ் என்பது அம்மாச்சியின் குரலாகவே இருக்கிறது. அவருக்கு வயது 74. நம் குரலை அவன் அவ்வாறு தேடவில்லை; தேடும்படி நாம் பேசியதும் இல்லை. வேலையிடத்து மலையாளத்தையே வீட்டிற்கும் சுமந்து வந்து, சுருக்கமாக இரண்டு சொல் சொல்லிவிட்டுப் படுத்துறங்கினோம்.

அன்றிரவு அவனருகே அமர்ந்து, அக்கடைசிப் பகுதியை மீண்டும் திறக்கச் செய்தோம். அவன் ஆங்கிலத்தைப் படித்தான். நாம் வெண்பாவுக்குப் பேசினோம். முதலில் நம் பேச்சும் அலுவலகக் கடிதம் போலவே இருந்தது. “அம்மாச்சி இப்படிச் சொல்ல மாட்டாங்க” என்று மகன் திருத்தினான். திருந்தப் பேசினோம். அதன் பின்னர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், நமக்குப் பணியில்லாத நேரத்தில், ஒரு மணி நேரம் இவ்வாறு செல்கிறது. எழுத்துப் பாடமும் தொடங்கியிருக்கிறோம். இப்போது வல்லின எழுத்துக்களில் நிற்கிறோம்.

கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும், மூணாற்றிலும் பீருமேட்டிலும் உள்ள அன்பர்களின் வீடுகளிலும் பிள்ளைகள் இந்நேரம் ஏதேனும் ஒரு திரையின் முன் அமர்ந்திருப்பர். அத்திரையில் பேசாத வீரன் ஒருவன் நிற்கக்கூடும். அருகே சென்று அமர்ந்து, அங்கே என்ன நடக்கிறது என்று தமிழில் கேட்குமாறு வேண்டுகிறோம்.