வயிற்றில் கரைந்த புளி

"பாஸ்போர்ட் எங்கேடி, பாஸ்போர்ட்?" அன்று காலையிலிருந்து நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.

"அம்மா, உன் கையிலேதாம்மா இருக்கு!" என்றாள் என் பெண்.

பார்த்தேன். நிஜமாகவே என் கையில்தான் இருந்தது!

அவளுக்குப் பதினைந்து வயது. திருச்சியைத் தாண்டித் தனியாகப் போனதில்லை. இப்போது பள்ளிச் சாரணியர் படையோடு சுவிட்சர்லாந்துக்குப் புறப்படுகிறாள். அங்கே அடல்போடன் என்ற மலைக்கிராமத்தில் சாரணியருக்கென்றே ஓர் இல்லம் இருக்கிறது. ஹெலன் ஸ்டாரோ என்ற அமெரிக்கப் பெண்மணி பணம் கொடுத்துக் கட்டி, 1932-ல் திறந்தது. உலகத்தில் இது மாதிரி ஐந்து மையங்களாம். 1966-ல் நம் புனேயில் தொடங்கிய 'சங்கம்' அதில் ஒன்று. "புனேயிலேயே இருக்கே, அங்கே போனால் போதாதா?" என்று டீச்சரிடம் கேட்டு, பெண்ணிடம் முறைப்பு வாங்கிக் கொண்டவள் நான்தான்.

இரண்டு மாதமாக வீடே அமளிதுமளி. சின்னப் பெண் என்பதால் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் நாங்கள் இருவரும் சம்மதக் கையெழுத்துப் போட்டோம். சென்னைக்குக் கூட்டிப் போய்க் கைரேகை கொடுத்தோம். 30,000 யூரோவுக்குக் குறையாமல் மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டுமென்றார்கள். விசா வாங்குகிற எல்லோருக்கும் அதுதான் விதி. என் மனசு கேட்கிறதா? 'இவ்வளவு தொகைக்கு எடுக்கச் சொல்கிறார்கள் என்றால் அங்கே என்ன ஆபத்தோ?' என்று வயிற்றில் புளியைக் கரைத்தது.

கவலைப்பட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. நெய் ஒழுக மைசூர்பாகு கிளறினேன். பாலில் செய்ததும் மாமிசமும் நம் ஊரிலிருந்து அங்கே கொண்டு போகக் கூடாது என்று டீச்சர் சொல்ல, டப்பா முழுவதும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் போயிற்று. பருப்புப் பொடியும் ஊறுகாயும் மட்டும் பெரிய பெட்டியில் ஏறின.

புறப்படுவதற்கு முதல் நாள் ராத்திரி. பெண்ணுக்கு வயிற்று வலி. இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு, முகம் வெளிறிப் போய்ச் சுருண்டு கிடந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... 'நல்லதாப் போச்சு, இதைச் சொல்லி நிறுத்திவிடலாம்' என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது.

என் மாமியார்தான் வந்து உட்கார்ந்தார். "ரெண்டு ஸ்பூன் சீரகத்தை வறுத்துத் தண்ணி கொதிக்க வையும்மா" என்று என்னை அனுப்பிவிட்டு, "எதுக்குக் கண்ணு பயம்? பாட்டிகிட்ட சொல்லு" என்றார்.

அடுப்பங்கரையில் நின்ற என் காதில் விழுந்தது.

"அம்மா முகத்தைப் பார்த்தாத்தான் பாட்டி பயமாயிருக்கு. அங்கே போய்ப் பீரியட்ஸ் வந்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு வாரமாக் கேக்கணும்னு இருக்கேன். அம்மாவே பயந்து கிடக்காங்க. எப்படிக் கேக்கறது?"

கரண்டி கையிலேயே நின்றது. பருப்புப் பொடியை நினைத்த நான் இதை நினைக்கவில்லையே!

சீரகத் தண்ணீர் உள்ளே போனதும் அவளுக்கு வயிறு கொஞ்சம் அமர்ந்தது. பெட்டியைத் திரும்பத் திறந்தோம். நாப்கின்களை இரண்டாகப் பிரித்துப் பெட்டியில் பாதி, கைப்பையில் பாதி வைத்தோம். கூடவே ஒரு மாற்று உடை, பழைய பேப்பர், கறுப்புப் பை. "பயணத்துல நாள் முன்னேபின்னே ஆகலாம், பயப்படாதே. சுருட்டிக் குப்பைக் கூடையில போடு, கழிப்பறையில போட்டுடாதே. டீச்சர்கிட்ட கூச்சப்படாமச் சொல்லு" என்றேன். விமானம் இறங்கும்போது காது அடைத்தால் மிட்டாய் சப்பி எச்சில் விழுங்குவது, அங்கே மணி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால் போன அன்றைக்குப் பகலில் தூங்காமல் வெளிச்சத்தில் நடப்பது, எல்லாம் பேசினோம்.

கடைசியில் என் கதையையும் சொன்னேன். ஒன்பதாவது படிக்கையில் பள்ளிக்கூட முகாமுக்குப் பெயர் கொடுத்தேன். "பெண் பிள்ளை ராத் தங்கவா?" என்றார் அப்பா. கட்டி வைத்த பெட்டி பரணுக்கே போய்விட்டது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீ போகணும்" என்றேன். அவள் என் மடியில் தலை வைத்து அழுதாள். அப்படியே தூங்கியும் போனாள்.

போய்ச் சேர்ந்த மறுநாள் செல்போனில் செய்தி வந்தது: "குளிருதும்மா. மலை முழுக்கப் பனி. இன்னிக்கே பீரியட்ஸ் வந்துடுச்சு. எல்லாம் இருக்கு. பக்கத்துக் கட்டில் பொண்ணுக்கும் ஒண்ணு கொடுத்தேன்."

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெண்ணும் ஒரு நாள் இப்படிப் புறப்படுவாள். பெட்டி கட்டுவதற்கு முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு எது பயம்?" என்று கேளுங்கள். நம் பயத்தை அதற்குள் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டால், அவள் தன் பயத்தைச் சொல்ல இடம் கிடைக்கும்.