பாரிஸ் நகரத்துக்குப் போகுமுன்



கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலாவது உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்தார் (லூக்கா 14:28). சீஷத்துவத்தைக் குறித்தே அவர் அப்படிச் சொன்னார். ஆனாலும் கோபுரத்தைப் பார்க்கப் புறப்படுகிறவர்களுக்கும் அந்த ஆலோசனை பொருந்தும். மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் உள்ள நம் சபைக் குடும்பங்களில் இப்போது பாரிஸ் என்ற பெயர் அடிக்கடி கேட்கப்படுகிறது. மகன் மேற்படிப்புக்குப் போயிருக்கிறான், மருமகனை அவர் நிறுவனம் அங்கே அனுப்பியிருக்கிறது, பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது. பல ஆண்டுகள் சேமித்த பணத்தில் பத்து நாள் போய்வர நீங்கள் ஆயத்தமாகிறீர்கள். அந்தப் பத்து நாட்களை எதற்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதை இங்கேயே, ஜெபத்தோடு தீர்மானியுங்கள். தீர்மானிக்காமல் போகிறவர்களுடைய நாட்களைச் சுற்றுலாப் பேருந்தும் கடைவீதியும் எடுத்துக்கொள்ளும்.

ஆவணங்கள்

பிரான்சுக்குச் செல்ல ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும். கோடை விடுமுறையில் கூட்டம் மிகுதி. ஆகவே கடைசி நாட்களுக்குத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட் நீங்கள் அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பிள்ளையின் வீட்டில் தங்குவதானால், பிள்ளை தன் பகுதியின் நகர மன்றத்துக்குச் சென்று வரவேற்புச் சான்று ஒன்றைப் பெற்று உங்களுக்கு அனுப்ப வேண்டும். அதற்கும் நாளாகும் என்பதால் முதலில் அதைக் கவனியுங்கள்.

நகரத்தின் அமைப்பு

பாரிஸ் 20 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நடுவில் முதலாம் வட்டாரம். அங்கிருந்து நத்தையின் ஓட்டைப்போல வலமாகச் சுற்றிச்சுற்றி எண்கள் வெளியே போகின்றன. முகவரியிலுள்ள அஞ்சல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களே வட்டார எண். 75010 என்றால் பத்தாம் வட்டாரம். இதை அறிந்தால் பாதி நகரம் பிடிபட்டுவிடும்.

சார்ல் தெ கோல் விமான நிலையம் நகரத்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் உள்ளது. ஆர்.ஈ.ஆர். பி என்னும் ரயில் நேரே நகரின் நடுவுக்குக் கொண்டுவரும். மூட்டை முடிச்சு அதிகமிருந்தால் டாக்சி ஏறலாம். நகருக்குள் செல்ல அரசு நிர்ணயித்த நிலையான கட்டணம் உண்டு. அதிகாரபூர்வ டாக்சி வரிசையில் நின்று ஏறுங்கள்; உள்ளேயே வந்து அழைப்பவர்களோடு போகாதீர்கள். 1900-ல் தொடங்கிய மெட்ரோ ரயில் நகரெங்கும் ஓடுகிறது. நவிகோ என்னும் அட்டையில் வாரச் சீட்டு வாங்கலாம். ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறு வரைக்குமானது. வெள்ளிக்கிழமை போய் இறங்குகிறவர் அதை வாங்கினால் அடுத்த திங்கள் முதலே பயன்படும்.

தாகத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரே குடிக்கத் தக்கது. தெருக்களில் பச்சை நிற இரும்பில் வார்த்த அழகிய குடிநீர் ஊற்றுகளைக் காண்பீர்கள். 1870-71 யுத்த முற்றுகைக்குப் பின் ஏழைகள் தண்ணீருக்குத் தவித்ததைக் கண்ட ரிச்சர்ட் வாலஸ் என்னும் ஆங்கிலேயர், 1872-ல் தம் சொந்தப் பணத்தில் அவற்றை நிறுவத் தொடங்கினார். ஒரு கலசம் தண்ணீர் கொடுத்ததின் பலன் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் மறவாதீர்கள். கடைக்குள் நுழைந்தால் முதலில் "போன்ஷூர்" என்று வணக்கம் சொல்லிவிட்டே எதையும் கேட்க வேண்டும். அதைச் சொல்லாமல் விலை கேட்பதை அவர்கள் மரியாதைக் குறைவாக எண்ணுவார்கள். புறப்படும்போது "மெர்சி" என்று நன்றி சொல்லுங்கள். இந்த இரண்டு சொற்கள் பல கதவுகளைத் திறக்கும்.

கல்லில் எழுதப்பட்ட சாட்சி

பரிசுத்த பவுல் அத்தேனே பட்டணத்தைச் சுற்றிவந்தபோது அதைக் கவனித்துப் பார்த்தார் (அப்போஸ்தலர் 17:23). நாமும் அப்படியே பார்ப்போம். ஈபெல் கோபுரத்தைப் பாருங்கள். 330 மீட்டர் உயரமுள்ள அது 1889-ல் கட்டி முடிக்கப்பட்டது. 2019-ல் தீக்கிரையாகி 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ருதாம் தேவாலயத்தையும் பாருங்கள். ஆனால் ஒரு முழு நாளை லூவர் அருங்காட்சியகத்துக்கென்று ஒதுக்குங்கள். செவ்வாய்க்கிழமை அது மூடியிருக்கும். 2026 ஜனவரி முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோருக்குக் கட்டணம் 32 யூரோ. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். முன்பதிவு செய்து, எந்தக் கூடங்கள் அன்று திறந்திருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் மோனாலிசா ஓவியத்தை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் பண்டைய கிழக்கு நாடுகளின் பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே கருங்கல் ஒன்று நிற்கிறது. மோவாபின் ராஜாவாகிய மேசா கி.மு. 9-ம் நூற்றாண்டில் நிறுத்திய வெற்றிக்கல் அது. இஸ்ரவேலுக்குக் கப்பம் கட்டி, பிறகு கலகம் பண்ணினானே, அதே மேசா (2 இராஜாக்கள் 3). 1868-ல் பழைய தீபோன் இருந்த இடத்தில் கிளைன் என்னும் மிஷனெரி அதைக் கண்டார். அடுத்த ஆண்டில் அவ்விடத்தார் அதை நெருப்பிலிட்டுக் குளிர்ந்த நீரூற்றி உடைத்துப்போட்டார்கள். சேகரித்த துண்டுகளையும், உடைபடுமுன் எடுத்திருந்த காகிதப் பதிவையும் கொண்டு அதை மறுபடியும் பொருத்தியிருக்கிறார்கள். உம்ரி ராஜாவின் பெயரும், இஸ்ரவேலின் தேவனுடைய நாமத்தின் நான்கு எழுத்துக்களும் அதில் உள்ளன. இஸ்ரவேல் என்றென்றைக்கும் ஒழிந்துபோனதாக மேசா அதில் பெருமை பாராட்டுகிறான். மோவாப் இன்று எங்கே? அழிந்தது என்று எழுதிய அந்தக் கல்லே இஸ்ரவேலுக்குச் சாட்சியாக நிற்கிறது!

அதே கட்டடத்தில் அசீரிய ராஜாவாகிய சர்கோனின் அரமனை வாசலைக் காத்த, சிறகுள்ள பிரமாண்டமான காளைகள் உள்ளன. வேதத்தில் அவன் பெயர் வருவது ஒரே இடத்தில்தான் (ஏசாயா 20:1). நெடுங்காலம் அவனைக் குறித்து உலகம் வேறொன்றும் அறியாதிருந்தது. 1843-ல் போத்தா என்னும் பிரெஞ்சுக்காரர் கோர்சாபாத்தில் தோண்டத் தொடங்கியபோது அவன் அரமனையே வெளிப்பட்டது. சற்று அப்பால் சூசான் அரமனையின் வில்வீரர்கள், வண்ணச் செங்கற்களில் அணிவகுத்து நிற்கிறார்கள். தரியு ராஜா கட்டிய அரமனை அது. நெகேமியா எருசலேமுக்காகத் துக்கித்ததும், எஸ்தர் தன் ஜனத்துக்காக உயிரைப் பணயம் வைத்ததும் அந்தச் சூசானில்தான். பேரப்பிள்ளைகள் உடனிருந்தால் அங்கே நின்று அந்தச் சரித்திரத்தைச் சொல்லிக்கொடுங்கள். ஆயுள் முழுவதும் மறக்கமாட்டார்கள்.

மணி ஒலித்த இரவு

லூவரை விட்டு அதன் கிழக்கு வாசல் வழியே வெளியே வந்தால் எதிரில் சேன் ஜெர்மேன் லொக்செருவா என்னும் பழைய ஆலயம் தெரியும். 1572 ஆகஸ்டு 24 அதிகாலையில் இந்த ஆலயத்தின் மணியே கொலைக்கு அடையாளமாக ஒலித்தது என்பார்கள். ஹூகெனோக்கள் எனப்பட்ட பிரெஞ்சு புரொட்டஸ்டண்டுகள் ஓர் அரச திருமணத்துக்காக நகரத்தில் கூடியிருந்தார்கள். அவர்களுடைய தலைவரான கொலிஞி வீட்டிலேயே கொல்லப்பட்டு ஜன்னல் வழியே வீசப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் வெட்டுண்டார்கள், சேன் ஆற்றில் பிரேதங்கள் மிதந்தன. அங்கிருந்து சிறிது தூரத்தில், ரிவோலி வீதியில், லூவர் ஒரத்துவார் ஆலயத்தின் பின்புறச் சுவரோரம் கொலிஞியின் சிலை நிற்கிறது. 1811 முதல் அந்த ஆலயம் புரொட்டஸ்டண்டுகளுடையது.

கத்தோலிக்கர்மேல் கசப்பை வளர்க்கும்படி இதை எழுதவில்லை. அந்த உள்நாட்டு யுத்தங்களில் இரு தரப்பாரின் கைகளிலும் இரத்தம் இருந்தது. போப் இரண்டாம் ஜான் பால் 1997 ஆகஸ்டு 23 அன்று பாரிசில் இந்தப் படுகொலையை நினைவுகூர்ந்து, மன்னிப்பைக் குறித்துப் பேசினார்.

1598-ல் நான்காம் ஹென்றி ராஜா நாந்து நகரில் பிறப்பித்த கட்டளை ஹூகெனோக்களுக்கு ஆராதனை உரிமை தந்தது. ஆனால் பாரிஸ் நகரத்துக்குள் அல்ல! ஆகவே 1606 முதல் அவர்கள் நகருக்கு வெளியே ஷாரந்தோனில் கூடினார்கள். ஞாயிறுதோறும் நடந்தும், சேன் ஆற்றில் படகேறியும் குடும்பமாய்ப் போனார்கள். 1685-ல் பதினான்காம் லூயி அந்தக் கட்டளையையும் ரத்து செய்தான்; ஷாரந்தோன் ஆலயம் இடிக்கப்பட்டது; லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு ஓடினார்கள். புறநகர் ரயிலில் இரண்டுமுறை மாறி, வாடகை மண்டபத்தில் ஆராதிக்கப் போகிறவர்களே, ஷாரந்தோன் படகுகளை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் வீட்டில் தங்கிவிடலாமா என்று எண்ணும் ஞாயிற்றுக்கிழமையில் விசேஷமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சேன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் லெ ஆவ்ர் துறைமுகம் உள்ளது. 1930-ல் டக்ளஸ் ஸ்காட் என்னும் ஆங்கில ஊழியர் அங்கே சுவிசேஷம் அறிவித்ததிலிருந்தே பிரான்சில் பெந்தெகொஸ்தே எழுப்புதல் பரவியது. இரத்தம் ஓடிய ஆற்றின் முகத்துவாரத்தில் ஆவியானவர் இறங்கினார்.

உங்கள் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமை

பயணத் திட்டத்தில் முதலில் எழுத வேண்டியதைக் கடைசியாகச் சொல்லுகிறேன். அந்த ஞாயிறு எங்கே ஆராதிப்பீர்கள்? விமானம் ஏறுமுன்னே உங்கள் போதகர் மூலமாகவோ பிள்ளையின் மூலமாகவோ சபையின் முகவரியையும் ஆராதனை நேரத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பாரிசிலும் அதன் புறநகர்களிலும் தமிழ்ச் சபைகள் கூடிவருகின்றன. கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகே லா ஷப்பேல் பகுதிக்குப் போனால் தமிழ்ப் பெயர்ப்பலகைகளையும், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் கடைகளையும் காண்பீர்கள். அவர்களில் பெரும்பாலோர் 1983-க்குப் பின் யுத்தத்துக்குத் தப்பி வந்த ஈழத்தமிழரும் அவர்கள் பிள்ளைகளும். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்தவர்களும் அந்நகரில் உண்டு. அன்போடு பேசுங்கள். இழந்தவர்களைப் பற்றித் துருவித் துருவிக் கேளாதிருங்கள். அவர்களாகச் சொன்னால் பொறுமையோடு செவிகொடுங்கள்.

உங்கள் பிள்ளை கடைசியாக எப்போது சபைக்குப் போனான் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வாரமெல்லாம் வேலை, மாலை ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம், புரியாத மொழி, தனிமை — இவற்றின் நடுவே ஜெபம் மெல்ல நின்றுபோவதுண்டு. போய் இறங்கிய இரவே சாப்பாட்டு மேசையில் விசாரணை நடத்தாதீர்கள். நீங்கள் முதன்முதல் மும்பைக்கோ டெல்லிக்கோ வந்து, பேருந்தின் பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியாமல் நின்ற நாளை நினையுங்கள். அன்று யாரோ ஒரு விசுவாசி, ஒன்றும் கேட்காமல், உங்களை ஜெபவீட்டுக்கு அழைத்துப்போனார் அல்லவா? அதையே உங்கள் பிள்ளைக்குச் செய்யுங்கள். ஞாயிறு காலையில், "எனக்கு வழி தெரியாது, என்னோடு வா" என்று சொல்லுங்கள். உண்மையாகவே உங்களுக்கு வழி தெரியாதுதானே! நீங்கள் ஊர் திரும்பிய பின்பு, அந்த வழி உங்கள் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் பயணத்தையும், தூரதேசத்தில் வாசமாயிருக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் கர்த்தர் காத்துக்கொள்வாராக. ஆமென்.