பாசஞ்சரா, எக்ஸ்பிரஸ்ஸா?

2024 அக்டோபர் 11, ஆயுதபூஜை ராத்திரி. நான் பெங்களூர்ல. ஊர்லேர்ந்து அம்மா போன். "கவரப்பேட்டைல ட்ரெயின் மோதிடுச்சாம்டா. அப்பா இன்னும் வரல." அப்பாவுக்கு வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்ல. அடுத்த ஸ்டேஷன்தான்.

செல்லுல தேடினா இங்கிலீஷ்ல ஒரு வரி, 'பாசஞ்சர் ட்ரெயின்' மோதல்னு. யோசிக்காம அப்படியே படிச்சுட்டேன். "அய்யோ, பாசஞ்சரா?" அவ்வளவுதான், அம்மாவுக்கு குரலே எழும்பல.

இங்கிலீஷ்காரனுக்கு ஆள் ஏத்துற வண்டி எல்லாமே பாசஞ்சர் ட்ரெயின்தான், எக்ஸ்பிரஸ் உட்பட. ரெண்டு பெயர்ச்சொல் சேர்ந்தா முன்னாடி நிக்கிறது அடைமொழி, பின்னாடி நிக்கிறதுதான் பொருள். தமிழ்லயும் அதே வரிசைதான் (மண்பானைன்னா பானைதானே!). நாமதான் பின்னாடி இருந்த ட்ரெயினை கழட்டி விட்டுட்டோம். பாசஞ்சர்னா நின்னு நின்னு போறது, கூட்ஸ்னா சரக்கு வண்டி.

மோதினது மைசூர் - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ். மெயின் லைனுக்கு சிக்னல் இருந்தும் லூப் லைனுக்குள்ள நுழைஞ்சு, அங்க நின்ன கூட்ஸை இடிச்சிருக்கு. பலருக்கு காயம். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்ல.

அப்பா பஸ் பிடிச்சு பத்தரைக்கு வந்தார், கம்பெனி பொரி பொட்டலத்தோட. "கூட்ஸ்ல எக்ஸ்பிரஸ் இடிச்சிடுச்சு"ன்னாராம். ட்ரெயின்ங்கிற வார்த்தையே வரல.