சட்டி வெடித்தால்

கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ கல்முனைக்கு வரும் நண்பர்கள், பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்பது ஒன்றுதான்: இங்கே எதை உண்பது, எதைப் பார்ப்பது? நாட்டில் ஆயிரம் பிரச்சினை கிடக்க, நாக்கின் சுவைக்கு என்ன அவசரம் என்று முகம் சுளிக்கும் தோழர்களும் உண்டு. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனல்லன். பகலெல்லாம் வயலில் குனிந்து நிமிர்ந்தவனுக்கு ஒரு கவளம் நல்ல சோறும் ஒரு நாழிகைப் பாட்டும் உரிமையாகும். அதை அற்பமென்று இகழ்வது வயிறு நிறைந்தவனின் வேதாந்தம்.

வாடைக் காற்று ஓய்ந்த மாதங்களானால், காலையில் சாய்ந்தமருதுக் கடற்கரைக்குப் போங்கள் என்பேன். கரைவலை இழுப்பதைக் காண ஒரு சதமும் செலவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி அந்தக் கடல் ஊருக்குள் புகுந்தபோது எனக்கு வயது பதினாறு. அதன்பின் பல ஆண்டுகள் கடலுக்கு முதுகைக் காட்டியே நடந்தேன். என்னை மீண்டும் கரைக்கு அழைத்துச் சென்றவை அந்த வலைக் கயிறுகள்தாம்.

பொல்லடி காணக் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். அண்ணாவியார் பாட்டெடுக்க, கையிலுள்ள பொல்லுகள் ஒன்றோடொன்று மோத, சோடி சோடியாக ஆடிச் சுற்றும் இந்த ஆட்டம் எங்கள் கல்யாண வீடுகளின் களிப்பாக இருந்தது. ஆடியவர்களில் பெரும்பாலோர் வயலிலும் கடலிலும் பாடுபட்டவர்கள். மார்க்கத்துக்கு ஆகாதென்று சிலரும், படித்த குடும்பத்துக்கு ஒவ்வாதென்று சிலரும் அதை ஒதுக்கினார்கள். (இரண்டாவது காரணத்தை வெளியே சொல்பவர்கள் குறைவு.) இப்பொழுது அதைப் பாடசாலை மேடையிலும் அரச விழாவிலும்தான் அதிகம் காண்கிறோம். அமைச்சருக்கு மாலை விழுவதற்குமுன் ஐந்து நிமிடம்!

ஆனால் எவர் வந்தாலும் நான் முதலிற் சொல்வது எருமைத் தயிரைத்தான். பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் இருக்கும். எருமைப் பாலிலோ ஏழுக்கும் குறையாது. காய்ச்சி ஆறவைத்து, இளஞ்சூட்டில் உறையிட்டுச் சட்டியில் ஊற்றினால், மண்ணின் நுண்துளைகள் நீரை உறிஞ்சிக்கொள்ளும். விடிந்ததும் சட்டியைச் சரித்தாலும் தயிர் அசையாது. கித்துள் பாணி ஊற்றி உண்பது நகரத்தார் வழக்கம். சோற்றில் தயிரிட்டு, வாழைப்பழமும் சீனியும் பிசைந்து, என் உம்மம்மா உருட்டித் தந்ததற்கு அது ஈடாகாது.

இதை ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்த எனக்குச் சென்ற தவணையில் ஓர் அடி விழுந்தது. ஒன்பதாம் தர மாணவருக்கு "நான் விரும்பும் உணவு" என்று கட்டுரை கொடுத்திருந்தேன். பெரும்பாலோர் புரியாணி என்று எழுதினர். பின்வரிசைப் பையன் ஒருவன் தயிரைப் பற்றி எழுதியிருந்தான். அவனுடைய வாப்பா எருமை மேய்ப்பவர். என் மனம் குளிர்ந்தது. சிவப்பு மையால் பேச்சுவழக்கைத் திருத்திக்கொண்டே போனேன். நடுவில் இப்படி ஒரு வரி: "சட்டி வெடிச்சாத்தான் எங்கட ஊட்ட தயிர். அண்டைக்கு வாப்பாட முகம் கறுத்துப் போகும். எங்களுக்குச் சந்தோசம்."

பேனா நின்றுவிட்டது. மறுநாள் அவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். "நல்ல சட்டியெல்லாம் ரோட்டுக்குப் போயிரும் சேர்," என்றான், இது தெரியாதா என்பதுபோல. எத்தனை நாளைக்கு ஒருமுறை வெடிக்கும் என்றேன். "வாப்பா தட்டிப் பாத்துத்தான் சட்டி வாங்குவார். அதனால கொறவு சேர்."

வீதியோரச் சட்டிகளை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். அவற்றின் பின்னாலுள்ள வீட்டை எண்ணிப் பார்த்ததில்லை. விதைப்புக் காலத்தில் மந்தையை வயலிலிருந்து அப்புறப்படுத்தி மேற்கே கொண்டுபோக வேண்டும். அறுவடை முடிந்தால்தான் அடிக்கட்டை மேயத் திரும்பலாம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நிலத்துக்கு நீரையும் நமக்குச் சோற்றையும் தந்தது. அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆயினும் எருமைகள் திரிந்த பற்றைகளும் வில்லுகளும் வயலானபோது, மேய்ப்பவனுக்கு மாற்றாக எவ்வளவு தரை விடப்பட்டது என்று அவனிடந்தான் கேட்க வேண்டும். 2022இல், இந்த எருமைகள் மேயும் மண்ணிலேயே, வெளிநாட்டுப் பால்மாவுக்காக நாம் வரிசையில் நின்றோம். நானும் நின்றேன்.

அந்தக் கட்டுரையில் நான் கீறிய சிவப்புக் கோடுகளை அழிக்க வழியில்லை. "வெடிச்சாத்தான்" என்ற சொல்லையும் அல்லவா அடித்திருந்தேன்! பக்கத்தில் "இதுவே சரி" என்று எழுதிக் கொடுத்தேன். அவன் அதை எப்படி விளங்கிக்கொண்டானோ தெரியாது.

நண்பர்களுக்கு இப்பொழுதும் தயிரைத்தான் சொல்கிறேன். மாசி, பங்குனியில் வாருங்கள். மந்தை ஊருக்கு அண்மையில் நிற்கும். கடையில் வாங்காமல், கூடுமானால் மேய்ப்பவர் கையாலேயே வாங்குங்கள். விலையைக் குறைத்துக் கேளாதீர்கள். சட்டிக்கும் அவர்தான் காசு கொடுத்திருக்கிறார்.